ரஸ்தாளியை அறுத்துப் பாத்த பொண்ணுக்கு எந்த டிகிரி?

கேள்வி: வணக்கம் மேடம். எங்க ஊரு தொட்டியம் பக்கம். நான் ஐடிஐ முடிச்சிட்டு திருப்பூர்ல பனியன் கம்பெனில இருக்கேன், சம்பளம் 19,000. அப்பா ஒன்றரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்து வாழை போடறாரு. தங்கச்சி இந்த வருஷம் பிளஸ் டூ முடிச்சிட்டா, கவர்மென்ட் ஸ்கூல், தமிழ் மீடியம். கணக்கு 79, பிசிக்ஸ் 84, கெமிஸ்ட்ரி 88, பயாலஜி 92. கட்ஆஃப் 165 வருது. அவளுக்கு செடி கொடின்னா உயிரு. போன வருஷம் ரஸ்தாளி நிறைய வாடிப்போச்சு, எல்லாரும் வெட்டிப் போட்டுட்டு வந்துட்டோம், இவ மட்டும் ஒரு மரத்தோட கிழங்கை குறுக்கால அறுத்து உள்ள இருந்த காவிக் கலர் வளையத்தை நோட்டுல வரைஞ்சு வச்சிருக்கா. இங்க ஒரு ஏஜென்ட் தனியார் காலேஜ்ல பிஎஸ்சி அக்ரி வாங்கித் தர்றேன்னு சொல்றாரு, வருஷத்துக்கு பீஸ் 1,40,000, ஹாஸ்டல் 80,000. அட்வான்ஸா 5,000 குடுத்துட்டேன். ஊருக்குப் பக்கத்துல அரசு கலைக் கல்லூரில பாட்டனி கிடைக்கும்னு அவளோட டீச்சர் சொல்றாங்க, ஆனா பாட்டனி படிச்சா வேலையே இல்லன்னு எல்லாரும் சொல்றாங்க. கடன் வாங்கியாவது அக்ரி சேத்துடலாமா?

பதில்:

தம்பி, முதல்ல அந்த 165ஐ அடிச்சிடுங்க. அது இன்ஜினியரிங் கட்ஆஃப். கணக்கு மார்க்கை முழுசா எடுத்து பிசிக்ஸ்லயும் கெமிஸ்ட்ரிலயும் பாதி பாதி சேத்திருக்கீங்க, பயாலஜில அவ வாங்கின 92 கணக்குலயே வரல பாருங்க. அக்ரி கவுன்சிலிங்கு நாலு பாடமும் ஆளுக்கு 50, மொத்தம் 200. அப்ப 39.5, 42, 44, 46, கூட்டினா 171.5. ஆறரை மார்க் கூடிப்போச்சு, கவுன்சிலிங்ல அரை மார்க்குக்கே நிறைய பேர் முன்ன பின்ன போவாங்க. நீங்க 165ன்னு நினைச்சுக்கிட்டு "கவர்மென்ட் காலேஜ்லாம் நமக்கு எங்க கிடைக்கப் போகுது"ன்னு விட்டுட்டு ஏஜென்ட்கிட்ட போயிட்டீங்க போல. வருஷா வருஷம் நான் பாக்கற கதைதான், புள்ளைங்க மார்க்கை யாராவது ஒரு பக்கத்து வீட்டு இன்ஜினியரிங் பையன் கூட்டிச் சொல்லிடுவான், அதுவே வேதவாக்கு ஆயிடும்.

ரெண்டாவது விஷயம் இதைவிட பெருசு. கவர்மென்ட் ஸ்கூல்னு ஒத்தை வார்த்தைல எழுதிட்டு போயிட்டீங்க, அதுதான் உங்க கைல இருக்கற துருப்புச் சீட்டு. 6ல இருந்து 12 வரைக்கும் முழுசா அரசுப் பள்ளில படிச்ச புள்ளைங்களுக்கு தொழிற்படிப்புல 7.5 சதவீதம் சீட் தனியா ஒதுக்கி 2021ல சட்டம் போட்டாங்க, இன்ஜினியரிங், வெட்னரி, மீன்வளம், சட்டம் இதோட அக்ரியும் அதுல வருது. அந்தக் கோட்டால போறவங்களோட டியூஷன் பீஸ், ஹாஸ்டல், கவுன்சிலிங் கட்டணம் எல்லாத்தையும் அரசே ஏத்துக்கும்னு அதே வருஷம் செப்டம்பர்ல அறிவிச்சாங்க. உங்க தங்கச்சி நடுவுல ஒரு வருஷம் கூட மெட்ரிக் ஸ்கூல் பக்கம் போகலயே? இதை அம்மாகிட்ட கேட்டுக்காதீங்க, ஸ்கூல்ல ரெக்கார்டை பாத்து வாங்கற போனஃபைட்ல என்ன இருக்குன்னு பாருங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணு ஆறாவது மட்டும் அத்தை வீட்டுல தங்கி ஒரு இங்கிலீஷ் மீடியம் ஸ்கூல்ல படிச்சிருந்துச்சு, வீட்டுல எல்லாருக்கும் அது மறந்தே போச்சு, சர்டிபிகேட் வெரிஃபிகேஷன் அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. அந்த முகத்தை இன்னிக்கும் மறக்க முடியல.

அதே 6 டு 12 கணக்குக்கு புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1,000 ரூபாயும் வரும், எந்த டிகிரி சேந்தாலும். உங்க வீட்டுல டிகிரி முடிச்சவங்க யாரும் இல்லாததால முதல் பட்டதாரி சர்டிபிகேட்டும் எடுத்து வச்சிடுங்க. 7.5ல சீட் வந்தா அது தேவைப்படாது, பொதுக் கவுன்சிலிங்ல வந்தா டியூஷன் பீஸ்ல கைகொடுக்கும். இ-சேவை, விஏஓ, தாசில்தார் ஆபீஸ்னு இழுக்கும், இந்த வாரமே அப்பாவை அனுப்பிடுங்க.

இப்ப ஏஜென்ட் சொன்ன கணக்குக்கு வருவோம். வருஷத்துக்கு 2,20,000, நாலு வருஷத்துக்கு 8,80,000. உங்க சம்பளத்தை ஒரு பைசா செலவு பண்ணாம அப்படியே எடுத்து வச்சா 46 மாசம். டூர், ரெக்கார்டு, துணிமணி, போக வர செலவு எதுவும் இதுல இல்ல, பீஸ் ஏத்த மாட்டாங்கன்னு நம்பிக்கிட்டு போட்ட கணக்கு வேற. இந்த காசுக்கு வர்ற டிகிரியும் கவர்மென்ட் அக்ரி காலேஜ்ல வர்ற டிகிரியும் பேப்பர்ல ஒரே பேரு, அதனாலதான் ஜனங்க ஏமாறுறாங்க. ஏஜென்ட்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க: இந்த காலேஜோட அக்ரி கோர்ஸுக்கு ஐசிஏஆர், அதாவது இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தோட அங்கீகாரம் இருக்கா, எந்த வருஷம் வரைக்கும்? "யூஜிசி அப்ரூவ்டு சார்"னு பதில் வந்துச்சுன்னா உங்க கேள்விக்கு அவர் பதில் சொல்லலன்னு அர்த்தம். யூஜிசி எல்லா யூனிவர்சிட்டிக்கும் பொதுவானது, ஐசிஏஆர் வேளாண் படிப்புக்குன்னு இருக்கறது, ரெண்டும் வேற வேற. ஐசிஏஆர் அங்கீகாரம் எந்தெந்த காலேஜுக்கு இருக்குன்னு அவங்க வெப்சைட்லயே லிஸ்ட் இருக்கும், ஏஜென்ட் காட்டற லேமினேட் போட்ட பேப்பரை பாக்காதீங்க, நீங்களே தேடிப் பாருங்க.

ஏன் இதை இவ்ளோ அழுத்திச் சொல்றேன்னா, என்கிட்ட பிளஸ் டூ காலத்துல டவுட் கேக்க வர்ற ஒரு பொண்ணு இப்படித்தான் வெளி மாநிலத்துல ஒரு தனியார் யூனிவர்சிட்டில பிஎஸ்சி அக்ரி சேந்துச்சு, காலேஜ் பேரெல்லாம் வேணாம், நல்ல மார்க்கோட முடிச்சுது. எம்எஸ்சிக்கு அரசு வேளாண் பல்கலைக்கழகத்துல அப்ளை பண்ணப் போனா அங்கீகாரம் பெற்ற காலேஜ்ல படிச்சவங்க மட்டும்னு ஒரு வரி, அங்கயே நின்னுபோச்சு. அப்பா ரெண்டு மாடு வித்திருந்தாரு அந்தப் படிப்புக்கு. இப்ப உரக்கடைல இருக்கு, கடை லைசென்ஸுக்கு அதோட டிகிரி உதவுது. உரக்கடை ஒண்ணும் கேவலம் இல்ல. ஆனா பூச்சிமருந்து லைசென்ஸுக்கு பாட்டனி இருக்கற சாதா பிஎஸ்சியே போதும், அதுக்கு இவ்ளோ லட்சம் எதுக்கு?

தனியார் காலேஜே ஆகாதுன்னு சொல்ல வரல. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தோட இணைஞ்ச தனியார் காலேஜுங்க இருக்கு, கவுன்சிலிங் மூலமாவே அதுலயும் சீட் வரும், பாடத்திட்டமும் பரீட்சையும் பல்கலைக்கழகத்தோடது. பீஸ் அரசு காலேஜைவிட பல மடங்கு இருக்கும், அவ்ளோதான். அதுல கவுன்சிலிங் சீட்டுக்கும் மேனேஜ்மென்ட் சீட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் தெரிஞ்சுக்கங்க. முதலாவது மார்க்கை வச்சு கவுன்சிலிங்ல வர்றது, ரெண்டாவது காலேஜ் நிர்வாகமே நேரா குடுக்கறது. ஏஜென்ட் விக்கறது எப்பவும் ரெண்டாவதுதான்.

சரி, பாட்டனியா அக்ரியா. இதுக்கு உங்க தங்கச்சி வரைஞ்ச அந்த வளையத்துல இருந்தே ஆரம்பிக்கலாம். அவ பாத்தது வாடல் நோய், பனாமா வாடல்னும் சொல்வாங்க, மண்ணுல இருக்கற ஃபியூசேரியம்ங்கற பூஞ்சாணம் வேர் வழியா ஏறி தண்ணி போற குழாய்களை அடைச்சிடும், மேல தண்ணி போகாம இலை மஞ்சளாகி காம்பு ஒடிஞ்சு மரத்தைச் சுத்தி பாவாடை மாதிரி தொங்கும். கிழங்கை குறுக்கால வெட்டினா அடைபட்ட குழாய்ங்க காவியா வளையம் கட்டித் தெரியும். ரஸ்தாளிக்கு இது ரொம்ப சுலபமா வரும், பூவன் அந்த அளவுக்கு வாங்காது. உங்க அப்பாவுக்கு இது அனுபவத்துலயே தெரிஞ்சிருக்கும்.

இப்ப இந்த ஒரே கிழங்கை பாட்டனி கிளாசுக்கு கொண்டுவந்தா பாட்டனி டீச்சருங்க நாங்க என்ன பண்ணுவோம்? ஒரு துண்டை எடுத்து பிளேடால இலை மாதிரி சீவச் சொல்வோம். மெல்லிசான தண்டா இருந்தா கையில நிக்காது, அதனால கேரட்டையோ பப்பாளி இலைக் காம்பையோ பிளந்து நடுவுல வச்சு சீவணும். முதல் வருஷம் சேந்த புள்ளைங்க சீவினா ஒரு பக்கம் தடியா ஒரு பக்கம் கிழிஞ்சு வரும், விரல்ல பேண்ட் எய்டு போட்டுக்கிட்டு திரியும். வாட்ச் கிளாஸ்ல தண்ணி ஊத்தி சீவின துண்டுங்களை அதுல போட்டா மெல்லிசா இருக்கறது தனியா மிதக்கும், பிரஷ்ஷால அதை மட்டும் எடுத்து சாஃப்ரனின்ங்கற சிவப்புச் சாயம் ஒரு சொட்டு விட்டு கழுவி ஸ்லைடுல வச்சு மைக்ராஸ்கோப்ல பாத்தா குழாய்ச் சுவரெல்லாம் செக்கச்செவேல்னு நிக்கும், நோய் வந்ததுன்னா குழாய்க்குள்ள அடைப்பே கண்ணுல படும். முதல் தடவை அதைப் பாக்கற புள்ளை வாயில வர்ற அந்த "ஐயோ மிஸ்"ஸுக்காகத்தான் நான் 31 வருஷம் அந்த லேப்ல நின்னேன்.

அதே கிழங்கை அக்ரி கிளாசுக்கு கொண்டு போங்க. அங்கயும் மைக்ராஸ்கோப் உண்டு, பூஞ்சாணத்தை வளத்தும் பாப்பாங்க. ஆனா வாத்தியார் முதல்ல கேக்கறது வேற: கன்னு எங்க இருந்து வாங்கினே, அந்த வயல்ல முன்னாடி என்ன போட்டிருந்தாங்க, தண்ணி ஒரு வயல்ல இருந்து இன்னொரு வயலுக்கு பாயுதா, ஏக்கருக்கு எத்தனை மரம் போச்சு, அடுத்த போகம் என்ன போடச் சொல்வே, நெல்லு போட்டா எடுக்குமா. அங்க ஒவ்வொரு ஸ்டூடன்டுக்கும் வயல்ல ஒரு துண்டு நிலம் குடுத்துடுவாங்க, காலைல ஏழு மணிக்கு மம்பட்டியோட நிக்கணும், களை எடுத்து உரம் வச்சு அறுத்து எடை போட்டு வரவு செலவு எழுதிக் குடுத்தாத்தான் மார்க். கடைசி வருஷத்துல கிராமத்துல தங்கி விவசாயிங்க கூடவே திரியற ஒரு செமஸ்டர் இருக்கு. நாலு வருஷம். பாட்டனி மூணு வருஷம், பெரும்பாலும் லேப், நடுவுல ஒண்ணு ரெண்டு ஃபீல்டு ட்ரிப், கொல்லிமலையோ கொடைக்கானலோ.

உங்க தங்கச்சி எந்த ரகம்னு உங்க லெட்டரை வச்சு என்னால சொல்ல முடியாது. அவகிட்டயே ஒண்ணு கேட்டுப் பாருங்க, அந்த மரம் செத்தப்ப "உள்ள என்ன ஆச்சு"ங்கறதுதான் அவளை தூங்கவிடாம பண்ணுச்சா, இல்ல "பக்கத்து மரத்தை எப்படி காப்பாத்தறது"ங்கறதா. முதலாவதுன்னா பாட்டனி புள்ளை. ரெண்டாவதுன்னா அக்ரி புள்ளை. ரெண்டும்னு சொன்னா இன்னும் நல்லது, அக்ரில போய் பிற்பாடு நோயியல்லயோ பயிர்ப் பெருக்கத்துலயோ எம்எஸ்சி பண்ணட்டும், ரெண்டு ஆசையும் தீரும்.

வேலை விஷயத்தை பூசி மெழுக விரும்பல. நான் பாட்டனி டீச்சர், என் பாடத்தை விட்டுக்குடுக்க மனசு வராது, ஆனா டிகிரி முடிச்ச மறுநாள் திறக்கற கதவுங்க அக்ரிக்குத்தான் ஜாஸ்தி. பேங்க்ல அக்ரிகல்ச்சர் ஃபீல்டு ஆபீசர் போஸ்ட்டுக்கு அக்ரி, தோட்டக்கலை, வனவியல் மாதிரி நாலு வருஷ டிகிரி கேப்பாங்க, பாட்டனி ஆகாது. டிஎன்பிஎஸ்சில வேளாண்மை அலுவலர் அக்ரிக்கு, தோட்டக்கலை அலுவலர் ஹார்ட்டிகல்ச்சருக்கு. விதை கம்பெனி, உரக் கம்பெனி ஃபீல்டு வேலைக்கும் அவங்களைத்தான் முதல்ல கூப்பிடுவான். பாட்டனிக்கு மூணு வருஷத்தோட நிறுத்தினா பெருசா ஒண்ணும் இல்ல, இதுல உங்களுக்குச் சொன்னவங்க பொய் சொல்லல. பாட்டனி நீண்ட ரோடு. பிஎட் போட்டா ஸ்கூல் டீச்சர், எம்எஸ்சியும் பிஎட்டும் போட்டா பிளஸ் டூ டீச்சர் வேலைக்கான பிஜி டிஆர்பி பரீட்சை, எம்எஸ்சி முடிச்சு சிஎஸ்ஐஆர் நெட்ங்கற தேசியத் தகுதித் தேர்வுல ஜேஆர்எஃப் உதவித்தொகை அடிச்சா மாசம் 37,000 வாங்கிக்கிட்டே பிஎச்டி பண்ணலாம், அதுக்கு அப்புறம் காலேஜ் வேலை, ஆராய்ச்சி நிலையம். இந்திய வனப்பணி பரீட்சைக்கு பாட்டனியும் தகுதி, அக்ரியும் தகுதி, இது நிறைய பேருக்குத் தெரியாது. கோயம்புத்தூர்ல இந்திய தாவரவியல் ஆய்வகத்தோட தெற்கு மையம் இருக்கு, மெட்ராஸ் ஹெர்பேரியம் அங்கதான், லட்சக்கணக்குல உலர்ந்த செடிங்க பேப்பர்ல ஒட்டி வச்சிருக்கும். உங்க திருச்சிலயே செயின்ட் ஜோசப்ஸ் காலேஜ்ல ராபினட் ஹெர்பேரியம் இருக்கு, தங்கச்சியை ஒரு நாள் கூட்டிட்டுப் போங்க.

பாட்டனி படிச்சவங்க வயலுக்கு வர முடியாதான்னு கேட்டா ஜானகி அம்மாள் பேரைச் சொல்வேன். பிரசிடென்சில பாட்டனி படிச்சவங்க, 1930கள்ல கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்துல கரும்பையே ஆராய்ஞ்சவங்க. மறுபக்கம் எம்.எஸ்.சுவாமிநாதன் திருவனந்தபுரத்துல விலங்கியல் டிகிரி முடிச்சிட்டு அப்புறம் கோவை வேளாண் கல்லூரில திரும்பவும் முதல்ல இருந்து அக்ரி படிச்சவரு. ஆனா தம்பி, அது அந்தக் காலம். இப்ப பிஎஸ்சி பாட்டனி முடிச்சிட்டு வேளாண் பல்கலைக்கழகத்துல எம்எஸ்சி அக்ரிக்குப் போகலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, பெரும்பாலும் விட மாட்டாங்க. அக்ரில இருந்து பாட்டனி பக்கம் தாண்டறது கொஞ்சம் சுலபம், பாட்டனில இருந்து அக்ரி பக்கம் சுவர் பெருசு. பிற்பாடு மனசு மாறினா என்ன ஆகும்னு பாத்தாலும் அக்ரிக்கு ஒரு மார்க் கூடுது.

இன்னொண்ணு யாரும் சொல்ல மாட்டாங்க. தமிழ் மீடியத்துல படிச்சவங்களுக்கு டிஎன்பிஎஸ்சில 20 சதவீதம் தனி ஒதுக்கீடு உண்டு, ஆனா ஒண்ணாங்கிளாஸ்ல இருந்து அந்த வேலைக்குக் கேக்கற டிகிரி வரைக்கும் முழுக்க தமிழ்லயே படிச்சிருக்கணும். அரசு கலைக் கல்லூரில பாட்டனி தமிழ் மீடியம்னா அந்தச் சலுகை அப்படியே கூட வரும், இங்கிலீஷ் மீடியம் அக்ரில சேந்தா டிகிரி கேக்கற போஸ்ட்டுக்கு அது போயிடும். வேளாண் பல்கலைக்கழகத்துலயே அக்ரியும் தோட்டக்கலையும் தமிழ் வழில நடத்தறாங்க, சீட் கம்மி, ஆனா சாய்ஸ் லிஸ்ட்ல கண்ணுல பட்டா தாண்டிப் போயிடாதீங்க. இங்கிலீஷ் மீடியம் கிடைச்சாலும் பயம் வேணாம், முதல் செமஸ்டர் தட்டுத் தடுமாறும், பாதி கிளாஸ் தமிழ் மீடியத்துல இருந்து வந்த புள்ளைங்கதான்.

இப்ப அக்ரின்னு மட்டும் பிடிவாதமா நிக்காதீங்க. ஒரே அப்ளிகேஷன்ல அக்ரி, தோட்டக்கலை, வனவியல், பட்டுப்புழு, பயோடெக்னாலஜின்னு எல்லாம் வரும். உங்க வீட்டு வாழை அரசாங்கக் கணக்குல தோட்டக்கலை பயிர், தெரியுமா? திண்டுக்கல் ரோட்டுல நாவலூர் குட்டப்பட்டுல பொண்ணுங்களுக்குன்னே தோட்டக்கலைக் கல்லூரி இருக்கு, அதே இடத்துல அன்பில் தர்மலிங்கம் வேளாண் கல்லூரியும் இருக்கு, ரெண்டும் பல்கலைக்கழகத்தோட சொந்தக் கல்லூரி. தோகைமலை ரோட்டுல தாயனூர்ல தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கு, வாழைக்குன்னே ஐசிஏஆர் நடத்தற மையம் அது. உங்க ஊர்ல இருந்து அறுபது கிலோமீட்டர் மாதிரி தூரத்துல இவ்ளோ இருக்கறப்ப தனியார் காலேஜுக்கு ஆள் ஏத்தி விடற ஏஜென்ட் எதுக்கு? அக்ரிக்கு கட்ஆஃப் கொஞ்சம் மேல நிக்கும், தோட்டக்கலை அதுக்கு அடுத்து வரும். போஸ்ட் எண்ணிக்கைல அக்ரி அகலம், ஆனா நர்சரி, திசு வளர்ப்பு லேப், பழம் காய் ஏற்றுமதி பக்கம் தோட்டக்கலைக்கு மதிப்பு தனி. உங்க தங்கச்சிக்கு நான் ரெண்டையும் சமமாத்தான் வைப்பேன். வனவியல் மேட்டுப்பாளையத்துல, காடுன்னா ஆசை இருந்தாத்தான்.

சாய்ஸ் போடறப்ப முதல்ல பல்கலைக்கழகத்தோட சொந்தக் கல்லூரிங்க எல்லாத்தையும் போடுங்க, தூரம் பாக்காதீங்க, கிள்ளிகுளமா இருந்தாலும் சரி, திருவண்ணாமலை வாழவச்சனூரா இருந்தாலும் சரி. ஹாஸ்டல்ல இருக்கப் போறா, தினமும் பஸ் ஏறப் போறதில்ல. பொம்பளப் புள்ளைய அவ்ளோ தூரமான்னு அப்பா இழுப்பாரு, 8,80,000ங்கற நம்பரை அவருக்கு ஒரு பேப்பர்ல பெருசா எழுதிக் காட்டுங்க. அண்ணாமலைப் பல்கலைக்கழக அக்ரியும் 2013க்கு அப்புறம் அரசு கைல வந்துடுச்சு, பழைய ஃபேகல்டி, அதையும் விடாதீங்க. இதெல்லாம் முடிஞ்ச பிறகு இணைப்புத் தனியார் கல்லூரிங்க பேரைப் போடறதா வேணாமான்னு 7.5 கோட்டா உங்களுக்கு உறுதியா இருக்கறதை வச்சு முடிவு பண்ணுங்க. கோட்டா இல்லாம அங்க சீட் வந்தா பீஸ் உங்க தலைலதான் விழும்.

இதுக்கு நடுவுல அரசு கலைக் கல்லூரி பாட்டனிக்கும் அப்ளிகேஷன் கண்டிப்பா போட்டு வச்சிடுங்க, ரெண்டும் ஒரே சமயத்துல ஓடும், ஒண்ணுக்காக இன்னொண்ணை விட்டுட்டு கடைசில ரெண்டும் இல்லாம நின்னவங்களை நிறைய பாத்திருக்கேன். அங்க டியூஷன் பீஸே கிடையாது, ஸ்பெஷல் பீஸ், பரீட்சை பீஸ்னு வருஷத்துக்கு சில ஆயிரத்துல முடிஞ்சிடும், டவுன் பஸ்ல பொண்ணுங்களுக்கு டிக்கெட் இல்ல, புதுமைப் பெண் ஆயிரம் வந்தா ரெக்கார்டு நோட்டு, டிசெக்‌ஷன் பாக்ஸ், லேப் கோட்டு எல்லாம் அதுலயே அடங்கும். உங்க சம்பளத்துல இருந்து ஒரு ரூபா போகாம ஒரு டிகிரி.

அக்ரி எங்கயும் கிடைக்காம பாட்டனிதான்னு ஆச்சுன்னா அதை தோத்துப் போனதா நினைக்காதீங்க, ஆனா ஏனோதானோன்னும் அனுப்பாதீங்க. காலேஜுக்கு நேரா போய் லேப்பை எட்டிப் பாருங்க, மைக்ராஸ்கோப் பூட்டி வச்சிருக்காங்களா வெளில இருக்கான்னு பாத்தாலே டிபார்ட்மென்ட் தெரிஞ்சிடும். கோர்ஸ் பேரு வெறும் பாட்டனின்னு இருந்தா பிரச்சினை இல்ல. சில காலேஜ்ல தாவர உயிரியல் மற்றும் தாவர உயிர்த்தொழில்நுட்பவியல்னு நீளமா ஒரு பேரு வச்சிருப்பாங்க, நல்ல படிப்புதான், ஆனா டிஆர்பிக்கோ டிஎன்பிஎஸ்சிக்கோ போறப்ப இது பாட்டனிக்குச் சமம்னு அரசாணை இருக்கான்னு கேப்பாங்க, சேர்றதுக்கு முன்னாடியே அதை ஆபீஸ்ல கேட்டுக்கங்க. ரெண்டாவது வருஷத்துல இருந்தே எம்எஸ்சி என்ட்ரன்ஸுக்கு படிக்க ஆரம்பிக்கணும். இங்கிலீஷ் அப்பத்தான் தேவைப்படும், அதுக்கு முன்னாடி அவ கைல ஒரு நல்ல டிக்‌ஷனரி வாங்கிக் குடுங்க.

இல்ல மேடம், சீக்கிரமா ஒரு வேலைக்கு வந்தா போதும்ங்கற நிலைமைன்னா வேளாண் பல்கலைக்கழகத்தோட டிப்ளமோ ரெண்டு வருஷம், உதவி வேளாண்மை அலுவலர் போஸ்ட்டுக்கு அதுதான் தகுதியாவே கேக்கறாங்க. செலவு குறைவு. 92 வாங்கின பொண்ணை அங்க நிறுத்தறதுல எனக்கு இஷ்டம் இல்ல, வீட்டு நிலைமை உங்களுக்குத்தான் தெரியும். வெளி மாநில அக்ரி பல்கலைக்கழகங்கள்ல அகில இந்திய சீட்டுன்னு ஒண்ணு இருக்கு, க்யூட்ங்கற அகில இந்திய நுழைவுத் தேர்வு எழுதி வரணும், சொந்த மாநிலத்தை விட்டு வெளிய போய் படிச்சா ஐசிஏஆர் மாசா மாசம் ஸ்காலர்ஷிப் தரும், அதுக்கு முன்னாடியே அப்ளை பண்ணியிருக்கணும். உங்க லெட்டர்ல க்யூட் பேச்சே இல்ல, அப்ப இந்த வருஷம் அந்த பஸ் போயிடுச்சு. ஊர்ல இப்ப பிளஸ் ஒன் படிக்கற புள்ளைங்க இருந்தா சொல்லி வைங்க.

கடன் பத்தி கேட்டிருந்தீங்க. அரசு காலேஜ்ல கவுன்சிலிங் சீட் வந்து 7.5 கிடைக்காம போய் கொஞ்சம் பணம் தேவைன்னா பேங்க் கல்விக் கடன் வாங்கலாம், தப்பில்ல. வித்யாலட்சுமி போர்ட்டல்ல அப்ளை பண்ணுங்க, குடும்ப வருமானம் வருஷத்துக்கு 4.5 லட்சத்துக்குள்ளன்னா படிக்கற காலத்து வட்டிக்கு மானியம் உண்டு, காலேஜோட அங்கீகாரம் சரியா இருக்கணும். மீட்டர் வட்டிக்கும் கந்து வட்டிக்கும் போய் மேனேஜ்மென்ட் சீட் வாங்கறதுக்கு மட்டும் நான் சம்மதிக்க மாட்டேன். அந்த இடத்துல காசு செலவில்லாத பாட்டனிதான் பெட்டர், நான் பாட்டனி டீச்சர்ங்கறதால சொல்லல.

அப்புறம் அந்த அட்வான்ஸ் 5,000. திருப்பிக் கேட்டுப் பாருங்க, தரலன்னா திருப்பூர்ல அவர் பின்னாடி அலைஞ்சு ரெண்டு நாள் சம்பளத்தை விட்டுடாதீங்க. ஆனா "சீட்டை பிளாக் பண்ணணும், ஒரிஜினல் மார்க் ஷீட்டும் டிசியும் குடுங்க"ன்னு கேட்டா குடுத்துடாதீங்க, எவ்ளோ நல்லவரா தெரிஞ்சாலும். ஒரிஜினல் ஒரு தடவை தனியார் காலேஜ் ஆபீஸ் பீரோவுக்குள்ள போச்சுன்னா கவுன்சிலிங்ல நல்ல காலேஜ் வந்து கூப்பிடறப்ப அதை வெளில எடுக்க ஒரு வருஷ பீஸ் கட்டுன்னு உக்காருவாங்க. ஜெராக்ஸ் மட்டும், அதுவும் குறுக்கால கோடு போட்டு தேதி எழுதி. ஒரிஜினல் இப்ப யார்கிட்ட இருக்குன்னு உங்க லெட்டர்ல இல்ல. இன்னிக்கு சாயங்காலம் ஊருக்கு போன் போட்டு கேளுங்க.